சாயம் கேட்ட விலை – 6: இரவோடு இரவாகக் கழுவிய தளம்

சென்ற வாரம் ஜெனீவாவில் நிறுத்தினோம். ஆண்டு 1921. சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் மெல்லிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சாய ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருகிறது, முதலில் சந்தேகப்பட வேண்டியவை பென்சிடினும் பீட்டா நாப்தைலமினும்தான் என்று அது சொன்னது.

அதற்கு முந்திய கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் கொய்னா மருந்து செய்யப் போய், தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ரைன் நதிக்கரையெங்கும் சாய ஆலைகள் எழுந்தன. 1895இல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், மெஜந்தாச் சாயம் தயாரித்த 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதைக் கண்டு, அதை அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் எழுந்து சொன்னார். ஆலைதான் காரணம் என்று அவர் சொன்னது சரி. அனிலின்தான் காரணம் என்று சொன்னது சரியாக இருக்கவில்லை. ஆனாலும் அடுத்த பல ஆண்டுகள் பழி அனிலின் மேலேயே கிடந்தது. உண்மையான குற்றவாளிகள் இரண்டும் பக்கத்துக் கொட்டகையில் டிரம் டிரம்மாக நிரம்பிக்கொண்டிருந்தன.

இந்த வாரம் கதை அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது.

* * *

1916ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றது. பெயர் ‘டாய்ச்லாந்து’. அதில் பீரங்கி இல்லை, வெடிகுண்டு இல்லை. உள்ளே அடுக்கியிருந்த சரக்கில் முக்கியமானது சாயப்பொடி.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சாயத்தை நீருக்கடியில் கடத்திக் கொண்டுபோக வேண்டிய நிலைமை எப்படி வந்தது? போருக்கு முன்பு உலகத்துக்குத் தேவையான செயற்கைச் சாயத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் ஜெர்மனியில்தான் தயாரானது. போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மன் துறைமுகங்களை அடைத்தது. அமெரிக்க நெசவாலைகள் திணறின. துணி இருந்தது, சாயம் இல்லை. அதனால்தான் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கொண்டுவந்த சாயத்துக்கு அவ்வளவு வரவேற்பு.

இந்தத் தட்டுப்பாட்டை வாய்ப்பாகக் கண்டவர்களில் முக்கியமானது டுபாண்ட் நிறுவனம். 1802 முதல் வெடிமருந்து செய்துவந்த குடும்ப நிறுவனம். ஐரோப்பியப் போரில் வெடிமருந்து விற்றுக் குவித்த பணம் கையில் இருந்தது. போர் முடிந்தால் வெடிமருந்து யாருக்கு வேண்டும்? வேறு தொழில் தேட வேண்டும். வெடிமருந்துக்கும் சாயத்துக்கும் மூலப்பொருள்கள் ஏறத்தாழ ஒன்றுதான். 1917இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலாவேர் ஆற்றங்கரையில், டீப்வாட்டர் என்ற இடத்தில் சாய ஆலை எழுந்தது.

ஆலை கட்டுவது எளிது. சாயம் செய்வது எளிதாக இல்லை. ஜெர்மன் காப்புரிமைகளை அமெரிக்க அரசு போர்க்காலத்தில் பறிமுதல் செய்திருந்தது. ஆனால் காப்புரிமைப் பத்திரத்தைப் படித்துச் சாயம் காய்ச்சிவிட முடியவில்லை. பக்குவம் தெரிந்த ஆள் வேண்டும். போர் முடிந்ததும் பேயர் நிறுவனத்தின் வேதியியலாளர்களுக்குப் பெரும் சம்பளம் காட்டி டுபாண்ட் ஆள் அனுப்பியது. அவர்களில் சிலர் வரைபடங்களையும் குறிப்புகளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்ப, அந்தப் பெட்டி ஹாலந்தில் பிடிபட்டது. ஜெர்மனியில் அவர்கள் மீது பிடிவாரண்டு பிறந்தது. அப்படியும் அவர்கள் டீப்வாட்டர் வந்து சேர்ந்தார்கள்.

ஆக, செய்முறை கடல் தாண்டி வந்துவிட்டது. அதே ஜெர்மனியில், அதே சாயத் தொழிலைப் பற்றி, இருபத்தைந்து ஆண்டுகளாக மருத்துவர்கள் எழுதிவந்த எச்சரிக்கைகளைத் தேடி எந்த நிறுவனமும் ஆள் அனுப்பவில்லை. இத்தனைக்கும் அவை பூட்டிய பெட்டியில் இல்லை. அச்சான மருத்துவ இதழ்களில் இருந்தன.

* * *

டீப்வாட்டரில் பீட்டா நாப்தைலமின் உற்பத்தி 1919இல் தொடங்கியது. பென்சிடினும் அங்கே தயாரானது. இந்த இரண்டையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுவோம்.

இரண்டுமே சாயம் அல்ல. சாயத்தின் தாய்ச்சரக்கு. பென்சிடினின் பெருமைக்குக் காரணம் 1884இல் வந்த காங்கோ சிவப்பு. அதுவரை பருத்தியில் சாயம் நிற்க வேண்டும் என்றால் முதலில் படிகாரம், கடுக்காய் என்று ஏதாவது ஒன்றில் துணியைத் தோய்த்துப் பக்குவப்படுத்த வேண்டும். காங்கோ சிவப்புக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. வெந்நீரில் கரைத்துத் துணியைப் போட்டால் நேராக ஏறிக்கொண்டது. அதைத் தொடர்ந்து பென்சிடினிலிருந்து சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு என்று நூற்றுக்கணக்கான நிறங்கள் பிறந்தன. மலிவு, சுலபம். ஏழைகள் உடுத்தும் பருத்தித் துணிக்கு நிறம் கொடுத்ததில் பென்சிடினின் பங்கு மிகப் பெரியது.

பீட்டா நாப்தைலமினின் பூர்வீகம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அலமாரியில் போடுகிற பாச்சை உருண்டையின் நாப்தலின்தான் மூலம். அதிலிருந்து நாப்தால் எடுத்து, அம்மோனியாவோடு அழுத்தக் கலனில் ஏற்றிச் சூடாக்கினால் கிடைப்பது இது. தூய நிலையில் வெள்ளைப் படிகம். காற்றுப்பட்டால் மெல்லச் சிவக்கும். சூட்டில் ஆவியாகும். வடிக்கும்போது மூச்சோடு உள்ளே போகும். ஆறிய கட்டியை உடைத்து டிரம்மில் அள்ளும்போது தூசியாகப் போகும். மூச்சை அடக்கினாலும் பயனில்லை, தோல் வழியாகவும் போகும்.

இந்தப் பொருள்களின் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு ஒன்றும் செய்யாது.

அனிலின் அப்படியில்லை. உடம்பில் ஏறினால் அன்றே காட்டிக்கொடுத்துவிடும். உதடு நீலம் பாயும், தலை சுற்றும், ஆள் விழுவான். ஆலை மருத்துவர்கள் அதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். நீலம் பாய்ந்தவனை வெளியே கொண்டுபோய்க் காற்றாட வைத்து, குளிப்பாட்டி, தேறியதும் வேலைக்கு அனுப்புவார்கள். அதனால் உதட்டில் நீலம் இல்லாதவன் ஆரோக்கியமானவன் என்று எண்ணம் ஊறிப்போனது. பீட்டா நாப்தைலமின் கொட்டகையில் உதடு நீலமாவதில்லை. வயிறு வலிப்பதில்லை. சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, சில சமயம் முப்பது ஆண்டு கழித்து ஒரு நாள் காலையில், எந்த வலியும் இல்லாமல், சிறுநீரில் இரத்தம் வரும்.

அதற்குள் அவன் வேலையை விட்டிருப்பான், ஊர் மாறியிருப்பான். பார்க்கிற மருத்துவருக்கு அவன் இளவயதில் எந்தக் கொட்டகையில் நின்றான் என்று கேட்கத் தோன்றாது.

டீப்வாட்டர் வளாகத்துக்கு விஷம் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1920களின் நடுவில் அங்கே பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மம் தயாரான கட்டடத்தைத் தொழிலாளர்கள் ‘பட்டாம்பூச்சி வீடு’ என்றார்கள். ஈயம் மூளைக்கு ஏறியவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடிக்கக் கை நீட்டியதால் வந்த பெயர் அது. அங்கே சாவு உடனே வந்ததால் பத்திரிகைகள் எழுதின. சாயக் கொட்டகையின் சாவு அவசரப்படவில்லை. எந்தப் பத்திரிகையும் எட்டிப் பார்க்கவில்லை.

* * *

வில்ஹெல்ம் ஹூப்பர் 1894இல் ஜெர்மனியின் ஷ்வெரின் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1923இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நோய்க்கூறியல் நிபுணர். சிகாகோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, 1930 வாக்கில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவர் ஐரீனே டுபாண்ட். டுபாண்ட் குடும்பத்தின் பெரிய மனிதர், நிறுவனத்தின் முன்னாள் தலைவர்.

கொடையாளியின் ஆலையைப் போய்ப் பார்ப்பது மரியாதை. ஹூப்பரும் டீப்வாட்டருக்குப் போனார். அங்கே என்னென்ன தயாராகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டார். பதிலில் பென்சிடினும் பீட்டா நாப்தைலமினும் இருந்தன.

அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களைக் கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்திருப்பார்கள். ஹூப்பர் ஜெர்மானியர், ரென் எழுதியதையும் அவருக்குப் பின்வந்தவர்கள் எழுதியதையும் மூல மொழியில் படித்தவர். அவருக்கு உறைத்தது. ஊர் திரும்பியதும் 1932இல் ஐரீனே டுபாண்டுக்கு எழுதினார்: உங்கள் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரக்கூடும், கவனியுங்கள்.

எங்கள் ஆலையில் அப்படி ஒரு நோயாளியும் இல்லை என்று பதில் வந்தது.

சில மாதங்கள் கழிந்தன. வேறொரு செய்தி வந்தது. தேடிப் பார்த்ததில் 23 பேர் கிடைத்திருக்கிறார்கள்.

கணக்கைக் கவனியுங்கள். உற்பத்தி தொடங்கியது 1919. நோய் வெளிப்பட்டது 1930களின் தொடக்கம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எத்தனை ஆண்டு இடைவெளி இருந்ததோ, ஏறத்தாழ அதே இடைவெளி. அமெரிக்க உடம்பும் ஜெர்மன் உடம்பும் வேறல்ல என்று 23 சிறுநீர்ப்பைகள் நிரூபித்தன.

இங்கே நிறுவனத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அப்போது அவர்கள் விஷயத்தைப் புதைக்கவில்லை. தலைமை மருத்துவர் கெர்மன் 1934இல் மருத்துவ இதழிலேயே இந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். தொழிலாளர்களுக்கு சிஸ்டோஸ்கோப் குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைச் சோதிக்க ஏற்பாடு நடந்தது. வில்மிங்டனில் தொழிற்சாலை நச்சியலுக்கென்றே ஹாஸ்கெல் ஆய்வகத்தைக் கட்டினார்கள். அமெரிக்கத் தனியார் நிறுவனங்களில் இப்படிப்பட்ட முதல் ஆய்வகங்களில் அது ஒன்று. பல்கலைக்கழக வேலையை இழந்து நின்ற ஹூப்பரைக் கூப்பிட்டு அங்கே நோய்க்கூறியல் நிபுணராகவும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் ஹூப்பர் செய்த ஒரு காரியத்தையும் மறைக்கக் கூடாது. வேலை போன 1933இல் அவர் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போய் அங்கே பதவி தேடினார். நாஜி அமைச்சருக்கு எழுதிய விண்ணப்பத்தை ஹிட்லருக்கு வாழ்த்துச் சொல்லி முடித்தார். வேலை கிடைக்கவில்லை, திரும்பிவிட்டார். இந்தத் தொடரில் இனி அவர் செய்யப்போவது பெரிய காரியம். அதற்காக இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

* * *

இனி வருவது ஹூப்பர் தன் முதுமையில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் உள்ள காட்சி.

ஹாஸ்கெல் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு, பீட்டா நாப்தைலமின் தயாராகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான வேண்டுகோள். நோயின் காரணத்தைத் தேடச் சொல்லி அமர்த்திய ஆள், நோய் வரும் இடத்தைப் பார்க்காமல் எப்படித் தேடுவார்? ஒரு நாள் குறித்தார்கள். மேலாளரும் மற்றவர்களுமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கொட்டகை பளிச்சென்று இருந்தது. தரையில் பொடி இல்லை. கலன்களில் கறை இல்லை. அன்று அங்கே உற்பத்தி நடந்துகொண்டிருக்கவில்லை.

ஹூப்பருக்கு வியப்பு. இந்த மாதிரிச் சரக்கு புழங்கும் இடம் இப்படி இருக்க முடியாது. கூட வந்தவர்கள் முன்னே நடக்கட்டும் என்று பின்தங்கினார். அங்கே நின்ற போர்மேனிடம் போய், இடத்தை ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார்.

போர்மேன் கள்ளம் தெரியாத மனிதர். நேற்று ராத்திரி வந்து பார்த்திருக்க வேண்டும் டாக்டர், நீங்கள் வருகிறீர்கள் என்று விடிய விடியக் கழுவினோம் என்றார்.

ஹூப்பர் அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நேராக மேலாளரிடம் போனார். பென்சிடின் தயாராகும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்றார். இப்போதே.

அது அன்றைய ஏற்பாட்டில் இல்லாதது. தயங்கினார்கள். அவர் காரணத்தைச் சொன்னார். போர்மேன் சொன்னதையும் சொன்னார். மறுக்க வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு சிறிய கட்டடம். உள்ளே போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பாதையில் வெள்ளைப் பொடி. சரக்கு ஏற்றும் மேடையில் வெள்ளைப் பொடி. ஜன்னல் விளிம்புகளில் வெள்ளைப் பொடி. பென்சிடின். காற்றடித்தால் பறக்கும், நடந்தால் செருப்பில் ஒட்டும், கை வைத்தால் கையில் ஒட்டும். அதே கையோடுதான் அங்கே இருப்பவர்கள் ரொட்டியைப் பிரித்துத் தின்ன வேண்டும்.

பார்வையிடல் அத்தோடு முடிந்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் ஹூப்பர் ஐரீனே டுபாண்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். என்னை ஏமாற்றப் பார்த்தார்கள் என்று எழுதினார். பதில் வரவில்லை. அதன்பிறகு அந்த இரண்டு கொட்டகைகளின் பக்கம் அவரை விடவே இல்லை.

இந்தக் காட்சியில் என்னை மிகவும் உறுத்துவது கழுவிய தளம் அல்ல, கழுவியவர்கள். ஆபத்து எதில் இருக்கிறதோ அதைத்தான் அன்று ராத்திரி முழுக்க அந்தத் தொழிலாளர்கள் வாரி எடுத்தார்கள். மற்ற நாள்களைவிட அந்த ஓர் இரவில் அவர்கள் உடம்பில் ஏறியது அதிகமாகவே இருந்திருக்கும். அதுவும் தங்களைக் காப்பாற்ற வந்த மருத்துவரின் கண்ணை மறைப்பதற்காக.

* * *

ஆலைக்குள் விடவில்லை. ஆய்வகம் அவர் கையில் இருந்தது. ஹூப்பர் அங்கே போய் உட்கார்ந்தார்.

அவர் முன்னால் நின்ற சிக்கல் இது. மனிதர்களுக்கு நோய் வருகிறது, சரி. எந்தப் பொருளால்? ஒரு சாய ஆலையில் பல பொருள்கள் புழங்குகின்றன. ஒருவர் இன்று பென்சிடின் கொட்டகையில் நிற்பார், அடுத்த ஆண்டு வேறு கொட்டகைக்கு மாறுவார். ஒவ்வொரு பொருளையும் விலங்குக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பலர் செய்தும் இருந்தார்கள். ரென் காலத்திலிருந்து எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் நம்பத்தக்க கட்டி எதுவும் வரவில்லை. எலிக்கு வராதது மனிதனுக்கு மட்டும் எப்படி வரும் என்று கேட்க ஆலைகளுக்கு அது வசதியாகப் போனது.

ஹூப்பர் நாய்களைத் தேர்ந்தெடுத்தார். 16 பெண் நாய்கள். பெண் நாய்க்கு சிஸ்டோஸ்கோப் செலுத்த முடியும். அறுக்காமலே சிறுநீர்ப்பைக்குள் எட்டிப் பார்க்கலாம். ஆலையில் தயாரான அதே பீட்டா நாப்தைலமினைத் தோலுக்கடியில் ஊசியாகவும் வாய்வழியாகவும் கொடுத்தார்.

மாதங்கள் ஓடின. முதல் ஆண்டு முடிந்தது. அவசரக்காரராக இருந்தால் அங்கேயே பரிசோதனையை மூடிவிட்டு, ‘தீங்கில்லை’ என்று எழுதியிருப்பார். ஹூப்பருக்கு மனிதர்களில் இந்த நோய் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பது தெரியும். நிறுத்தவில்லை.

இரண்டாம் ஆண்டில் வரத் தொடங்கின. குழாய் வழியே பார்த்தபோது வழவழப்பாக இருக்க வேண்டிய உட்சுவரில் சிறு சிறு மொட்டுகள். பிறகு கட்டிகள். 16 நாய்களில் 13க்கு.

ஆலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் பார்த்த அதே வகைக் கட்டிகள்.

எலிக்கு ஏன் வரவில்லை, நாய்க்கு ஏன் வந்தது என்பதற்கு விடை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தப் பொருள் நேரடியாகப் புற்றைக் கிளப்புவதில்லை. ஈரல்தான் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்த மாற்றுப்பொருள் சிறுநீரில் கலந்து சிறுநீர்ப்பையில் தேங்கும்போது உட்சுவரின் செல்களைத் தாக்குகிறது. பீட்டா நாப்தைலமினை அசெட்டைல் சேர்த்து முடக்கிவிடும் ஒரு நொதி பல விலங்குகளுக்கு உண்டு. நாய்க்கு இல்லை. மனிதர்களில் அந்த நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மந்தமாகவும் வேலை செய்கிறது. ஒரே கொட்டகையில் நின்ற இருவரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் தப்பியதில் இந்த வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் 1930களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரென் கைகாட்டிய ஆலை, ஜெனீவா அறிக்கை பெயர் சொன்ன பொருள், டீப்வாட்டரின் 23 பேர், இப்போது 13 நாய்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

* * *

1937 இறுதியில் ஹூப்பரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நாய்களைப் பற்றிய கட்டுரை அவரும் சகாக்கள் இருவரும் எழுதியதாக 1938இல் தொழிற்சாலைச் சுகாதார இதழில் வெளிவந்தது. ஒரு செயற்கைச் சாயப் பொருள் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் என்று விலங்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் ஆய்வு அது. இன்றும் புற்றுநோய் ஆய்வு வரலாற்றில் அதைக் குறிப்பிடாமல் கடக்க முடியாது.

ஹூப்பருடைய வாழ்க்கை அத்தோடு நிற்கவில்லை. 1942இல் தொழில்சார் புற்றுநோய்களைப் பற்றிப் பெரும் நூல் ஒன்றை எழுதினார். மற்றவர்கள் வசதியாக வாழப் பொருள்களைச் செய்துகொடுத்து, அதனாலேயே நோய்ப்பட்டு இறந்த தொழிலாளர்களின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ‘மேலான வாழ்வுக்கு மேலான பொருள்கள்’ என்பது அன்று டுபாண்டின் விளம்பர வாசகம். அதை அறிந்தவர்களுக்கு அந்தக் காணிக்கை யாரை நோக்கியது என்பது புரிந்திருக்கும். 1948 முதல் 1964 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சூழலியல் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அங்கும் நிம்மதி இல்லை. ஒரு சமயம் நாஜி என்றார்கள், இன்னொரு சமயம் கம்யூனிஸ்ட் என்றார்கள். ரேச்சல் கார்சன் 1962இல் ‘மௌன வசந்தம்’ எழுதியபோது, புற்றுநோய் பற்றிய அத்தியாயத்தில் அவர் சாய்ந்துகொண்டது பெரிதும் ஹூப்பரின் ஆய்வுகள் மீதுதான். 1978இல் ஹூப்பர் காலமானார்.

நமக்கு இப்போது முக்கியம் ஹூப்பர் அல்ல. கொட்டகை.

1938இல் கட்டுரை வந்தது. டீப்வாட்டரில் பீட்டா நாப்தைலமின் உற்பத்தி எப்போது நின்றது? 1955இல். பதினேழு ஆண்டுகள் கழித்து. பென்சிடின் உற்பத்தி அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1967இல் நின்றது. இடையில் கலன்களை மூடினார்கள், காற்றுக்குழாய் போட்டார்கள், உடை கொடுத்தார்கள், குளிக்க வைத்தார்கள். இவை எல்லாம் உண்மை. நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பதும் உண்மை. அந்த ஒரே ஆலையில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஆளானவர்களின் எண்ணிக்கை பிற்பாடு நூற்றுக்கணக்கில் போனது. 1938க்குப் பிறகு அந்தக் கொட்டகையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரும் தெரிந்தே அனுப்பப்பட்டவர்தான். இதை விபத்து என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

டுபாண்ட் நிறுத்தியதும் மற்றவர்களாவது பாடம் படித்தார்களா? ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் வேறொரு நிறுவனம் பீட்டா நாப்தைலமினை 1972 வரை கையாண்டது. அமெரிக்க அரசு அந்தப் பொருளைப் புற்றூக்கிப் பட்டியலில் வைத்துக் கடும் விதிகள் போட்டது 1974இல்தான்.

* * *

இது எங்கோ நடந்த கதை என்று வாசகர்கள் தாளைத் திருப்பிவிட வேண்டாம். பென்சிடின் சாயங்கள் நம் ஊர்த் துணியிலும் தோலிலும் ஏறியவைதான். இந்திய அரசு பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களைக் கையாளத் தடை விதித்தது 1993இல். அடுத்த ஆண்டே ஜெர்மனி, உடம்பில் படும் துணியிலும் தோலிலும் பென்சிடின் போன்ற நச்சு அமின்களை வெளிவிடும் அசோ சாயங்கள் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர்களும் திருப்பூர் பின்னலாடைக்காரர்களும் சாயத்தை மாற்ற வேண்டியதாயிற்று, ஆய்வகச் சான்றிதழ் தேட வேண்டியதாயிற்று. வாங்குகிறவரின் தோலுக்காக வந்த அந்தச் சட்டத்தால்தான் சாயத்தொட்டியில் கை விடுகிறவருக்கும் ஓரளவு பாதுகாப்பு வந்தது.

ஒரு வேண்டுகோள். சாயப்பட்டறையிலோ, சாயப்பொடி தயாரிக்கும் ஆலையிலோ, தோல் பதனிடும் இடத்திலோ எந்தக் காலத்திலாவது வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வலி இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் போக வேண்டும். போனதும், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை பார்த்தோம் என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு.

கதைக்கு வருவோம். நாய்களின் சாட்சியம் 1938இல் அச்சில் வந்துவிட்டது. ஆனால் ஆலை முதலாளிகளிடம் இன்னும் ஒரு வாதம் மிச்சம் இருந்தது. சிறுநீர்ப்பைப் புற்று ஊரில் எல்லாருக்கும் வருவதுதானே? சாய ஆலைக்காரர்களுக்கு மட்டும் அதிகம் வருகிறது என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

உண்மையில் அதுவரை யாரும் முறையாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 1948இல் இங்கிலாந்தில் ராபர்ட் கேஸ் என்ற மருத்துவர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். பணம் கொடுத்தது பிரிட்டிஷ் ரசாயன உற்பத்தியாளர்களின் சங்கமேதான். பல ஆலைகளின் பழைய வேலைப் பதிவேடுகள் ஒரு பக்கம், 1921 முதல் பதிவான மரணச் சான்றிதழ்கள் மறுபக்கம். பெயர் பெயராக ஒப்பிட்டார். பீட்டா நாப்தைலமினை வடித்த ஒரு சிறு குழுவின் பட்டியலை அவர் எடுத்தபோது, அதில் எத்தனை பேர் நோயிலிருந்து தப்பியிருந்தார்கள்?

அடுத்த வாரம் அந்தப் பட்டியலைப் பிரிப்போம்.

(தொடரும்)